மாமா வீட்டு லொஃப்ட்

2023 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமா போன் எடுத்தார். வழக்கமாக மாமிதான் முதலில் கதைப்பார். சுகம் விசாரித்து, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டு, கடைசியில்தான் போன் மாமாவின் கைக்குப் போகும். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே மாமாவின் குரல்.

"தம்பி, லொஃப்டுக்குள்ள என்னவோ பிழையாம். வீட்டை விக்க ஏலாதாம்."

மாமாவுக்கு அப்போது 78 வயது. லண்டன் ஹரோவில் அவர்கள் இருந்தது 1930களில் கட்டப்பட்ட ஒரு செமி வீடு, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. 1989இல் வாங்கி, பகலில் ஒரு வேலை இரவில் ஒரு வேலை என்று ஓடி மோட்கேஜைக் கட்டி முடித்தார். மாமியின் முழங்கால் இனிப் படி ஏற விடாது என்றான பிறகு, அதை விற்றுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் மாடியில்லாத ஒரு சின்ன பங்களோ வாங்கிப் போவதாக முடிவு. வாங்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். விலை பேசியாயிற்று, சொலிசிட்டர் பிடித்தாயிற்று. வீட்டைப் பரிசோதித்துப் பெறுமதி போட அவர்களுடைய வங்கி அனுப்பிய சர்வேயர் வந்து, சீலிங்குக்கு மேல் கூரைக்கு அடியில் இருக்கும் லொஃப்டின் கதவைத் திறந்தார், ஏணியில் நின்றபடியே ரோச் அடித்துப் பார்த்தார், இரண்டு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நாலு நாளில் வங்கியிடமிருந்து பதில்: இந்த வீட்டுக்குக் கடன் தர முடியாது. காரணம் ஒரே வரியில் இருந்தது. கூரையின் உட்புறம் ஸ்ப்ரே ஃபோம், அதாவது அடித்ததும் பொங்கி இறுகும், சூடு காக்கும் நுரை, அடிக்கப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் நாலு பேருடன் கதைத்துவிட்டேன். நாலு பேருமே 60 வயதைத் தாண்டியவர்கள். வாசலில் நின்று மரியாதையாகப் பேசுபவரை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுக்கிறவர்கள். அவர்களுக்காகவும், அவர்களுடைய பிள்ளைகள் மருமக்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

2020 இலையுதிர் காலம். கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரம். அந்தக் கோடையில்தான் இங்கிலாந்து அரசாங்கம் க்ரீன் ஹோம்ஸ் கிராண்ட் என்ற திட்டத்தை அறிவித்திருந்தது. வீட்டைச் சூடு காக்கும்படி திருத்தினால் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை, 5,000 பவுண்ஸ் எல்லைக்குள், வவுச்சராகத் தருவார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு 10,000 வரை. ஆறு லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தொடங்கிய திட்டம் செப்டம்பர் கடைசியில் திறந்து அடுத்த மார்ச்சிலேயே மூடப்பட்டது. பலன் கிடைத்தது ஐம்பதாயிரம் வீடுகளுக்கும் குறைவு. ஆனால் அந்த ஆறு மாதத்தில் "அரசாங்கம் காசு குடுக்குது" என்ற பேச்சு வீதி வீதியாகப் பரவியது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு கதவு தட்டிய விற்பனைக்காரர்களில் இரண்டு பேர் மாமா வீட்டுக்கும் வந்தார்கள்.

லொஃப்டுக்குள் ஏறிப் பார்த்தார்கள். கூரை ஓடு பழசு, வெப்பமெல்லாம் மேலாலே போகிறது, ஃபோம் அடித்தால் சூடும் நிற்கும், ஓடும் அசையாது, 25 வருட உத்தரவாதம். வவுச்சர் பிறகு வரும், இப்போது காசைக் கட்டினால் இந்தக் கிழமையே முடிக்கலாம். மாமா 500 பவுண்ஸை அந்த இடத்திலேயே கிரெடிட் கார்டில் கட்டினார். மிச்சம் 4,300 வங்கியிலிருந்து நேராகப் போனது. ஐந்தாம் நாள் வேலை முடிந்தது. மணம் தாங்காமல் அன்று இரவு இருவரும் மகள் வீட்டில் படுத்தார்கள். வவுச்சர் வரவேயில்லை.

வாசலில் வைத்துச் செய்கிற இப்படியான ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்ய இங்கே சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் அந்தக் காலம் ஒரு வருடம் வரை நீளும். மாமாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. பிறகு அந்தக் கம்பெனியைத் தேடினேன். 2022இலேயே அதைக் கலைத்திருந்தார்கள். 25 வருட உத்தரவாதப் பத்திரம் மட்டும் மாமியின் பத்திரப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் லொஃப்டுக்குள் ஏறினேன்.

முதலில் பட்டது வெளிச்சத்தின் வித்தியாசம். சின்ன வயதில் கிறிஸ்மஸ் மரப் பெட்டி எடுக்க அங்கே ஏறியிருக்கிறேன். அப்போது ஓட்டுக்கு அடியில் விரித்த கறுப்பு ஃபெல்ட் விரிப்பு, அதற்கு மேல் ஓடு, சாய்ந்திறங்கும் மரச் சலாகைகள், தாழ்வாரப் பக்கத்தில் கோடு கோடாக வெளிச்சம், எப்போதும் ஒரு மெல்லிய குளிர்காற்று. இப்போது இரண்டு சாய்வும் முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை மங்கிய பால் நிறத்தில் புடைத்துக்கொண்டு கிடந்தன. சலாகைகளின் ஓரம் கூடத் தெரியவில்லை. காற்று அசையவில்லை. விரலால் அமத்தினேன். பாணின் நடுப்பகுதி மாதிரி உள்ளே போய், விரலை எடுத்ததும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு மூலையில் கொஞ்சத்தைப் பிய்த்துப் பார்த்தேன். பஞ்சுபோல் கையோடு வந்தது. அதன் பின்பக்கத்தில் ஈரம் இருந்தது. தண்ணீர் சொட்டவில்லை. உள்ளங்கையில் வைத்தபோது ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் இது வங்கியின் வீண் பயம் இல்லை என்று எனக்குப் பட்டது.

இந்த ஃபோம் இரண்டு திரவங்களைச் சேர்த்து உண்டாக்குவது. ஒன்று ஐசோசயனேட், மற்றது பொலியோல் கலவை. இரண்டும் தனித்தனி பீப்பாயிலிருந்து சூடாக்கிய குழாய் வழியே வந்து துப்பாக்கி மாதிரியான கருவியின் நுனியில் கலக்கின்றன. கலந்த சில நொடிகளில் பொங்கும், பிறகு இறுகிவிடும். ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கக் கூடியது. இந்த நாட்டில் வேலைத்தலங்களில் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. அடிப்பவர்கள் முழு உடுப்பும் காற்றுக் குழாய் முகமூடியுமாக வருவது அதனால்தான்.

இதில் இரண்டு சாதி உண்டு. நான் அமத்திப் பார்த்தது ஓப்பன் செல். அடித்ததும் ஏறத்தாழ நூறு மடங்கு பொங்கும், மென்மையாக இருக்கும், நீராவி அதற்குள்ளாலே ஊடுருவிப் போகும். மற்றது க்ளோஸ்ட் செல். அது பொங்குவது குறைவு, நகம் கூட இறங்காத கட்டி, நீராவியையும் தண்ணீரையும் தடுக்கும், மரத்தோடும் ஓட்டோடும் பசை போட்டது மாதிரி ஒட்டிவிடும். உங்கள் வீட்டில் எது என்று அறிய விரலே போதும். அமுங்கினால் ஓப்பன் செல். தட்டினால் பெட்டி மாதிரிச் சத்தம் கேட்டால் மற்றது. கழற்றும் செலவும் சேதமும் இந்த ஒரு வித்தியாசத்தில் மிகவும் மாறும் என்பதால், யாருக்காவது போன் எடுக்க முன்னம் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

இந்த நாட்டுப் பழைய கூரை எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஊர் வீடுதான் உதவியது. எங்கள் அம்மம்மாவின் வீடு ஓட்டு வீடு. பனஞ்சலாகை, அதன் மேல் ரீப்பை, அதன் மேல் ஓடு. மாரி மழைக்கு ஓட்டு இடுக்கால் தூவானம் அடிக்கும், ஓரிரு இடத்தில் ஒழுகவும் செய்யும். விடிந்து வெயில் ஏறினால் எல்லாம் காய்ந்துவிடும். எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும், ஓட்டை மாற்றலாம். பனை மரம் தலைமுறைகளைத் தாண்டி நின்றது அதன் வைரத்தால் மட்டுமல்ல, நனைந்ததெல்லாம் காய வழி இருந்ததால்தான்.

ஹரோ வீட்டுக் கூரையும் அடிப்படையில் அதே கதைதான். சூடு காப்பது கீழே, சீலிங்குக்கு மேல் விரிக்கும் கம்பளிச் சுருள். அதற்கு மேல் லொஃப்ட் குளிராகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். தாழ்வாரத்தால் காற்று நுழைந்து மறுபக்கத்தால் போகும். குளியலறையிலிருந்தும் குசினியிலிருந்தும் மேலே ஏறி வரும் நீராவியை அந்தக் காற்று வெளியே கொண்டுபோய்விடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் சோறு வடித்து, குளித்து, உடுப்புக் காயப்போட்டு ஒரு நாளில் காற்றில் சேரும் தண்ணீர் பல லீற்றர். அதில் ஒரு பங்கு லொஃப்ட் கதவின் இடுக்காலும், சீலிங் லைட் ஓட்டைகளாலும் மேலே போகாமல் இருக்காது.

இப்போது அந்தக் கூரையின் உட்புறத்தை ஃபோமால் மூடி, தாழ்வாரத்தையும் அடைத்துவிட்டால் என்ன நடக்கும்? காற்று நின்றுபோகும், நீராவி நிற்காது. ஓப்பன் செல் என்றால் அது ஃபோமுக்குள்ளாலே ஊடுருவிப் போய், வெளிக்குளிரில் உறைந்து கிடக்கும் ஃபெல்டில் பட்டுத் தண்ணீராகும். மாமா வீட்டு ஃபெல்ட் 80களில் ஓடு மாற்றியபோது போட்ட தார் ஃபெல்ட். அது மூச்சு விடாது. ஆகவே அந்தத் தண்ணீருக்கு அங்கிட்டும் வழியில்லை, இங்கிட்டும் காற்றில்லை. நடுவில் நிற்பது சலாகை. க்ளோஸ்ட் செல் என்றால் நீராவி போவது குறைவு, ஆனால் மேலே ஒரு ஓடு உடைந்து மழைத்தண்ணீர் இறங்கினால் மரத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் சிறைப்பட்டுவிடும். முன்பென்றால் சீலிங்கில் மஞ்சள் கறை விழுந்து "பார், ஒழுகுது" என்று காட்டிக்கொடுக்கும். இப்போது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். மாமா வீட்டில் இன்னொரு பிழையும் நடந்திருந்தது. மேலே ஃபோம் அடித்தவர்கள் கீழே கிடந்த பழைய கம்பளிச் சுருளை எடுக்கவில்லை. ஆக லொஃப்ட் சூடான அறையும் இல்லை, குளிர்ந்த அறையும் இல்லை. இரண்டுங்கெட்டான்.

ஸ்ப்ரே ஃபோம் எங்கே அடித்தாலும் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. அது சூட்டைக் காக்கும், அந்த முதல் குளிர்காலத்தில் ஹீட்டிங் பில் குறைந்ததாக மாமாவே சொன்னார். ஃபெல்டுக்குப் பதிலாக நீராவியை வெளியே விடும் மெம்பிரேன் விரிப்புப் போட்ட புதுக் கூரையில், ஈரக் கணக்குப் பார்த்து, காற்றுக்கு இடைவெளி விட்டு, அந்தச் சரக்குக்கான சான்றிதழில் சொன்னபடி அடித்திருந்தால் அது பல காலம் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். பழைய வீட்டில் ஒரு கணக்கும் பார்க்காமல், வாசலில் வைத்து முடிவெடுத்து, ஐந்தாம் நாள் அடித்துவிட்டுப் போவதுதான் பிழை. அப்படி நடந்த வீடுகள் ஏராளம்.

சரி, வங்கி ஏன் பார்த்தவுடனேயே மறுத்தது? மரம் பழுதாகிவிட்டது என்று சர்வேயர் எழுதவில்லை. பழுதா நல்லதா என்று சொல்லத் தன்னால் முடியாது என்றுதான் எழுதியிருந்தார். வங்கிக்கு வீடுதான் ஈடு. வீட்டின் மிகச் செலவான உறுப்புகளில் கூரையும் ஒன்று. அதன் மரங்களைக் கண்ணால் பார்க்க முடியாமல் ஒருவர் எப்படிப் பெறுமதி போடுவார்? 2024இல் பிபிசி விசாரித்தபோது, நாட்டின் பெரிய மோட்கேஜ் நிறுவனங்களில் நாலில் ஒன்று கூரையில் ஸ்ப்ரே ஃபோம் உள்ள வீட்டுக்குக் கடனே கொடுப்பதில்லை என்று தெரியவந்தது. மற்றவை பத்திரங்கள், அறிக்கைகள் எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. பிரிட்டன் முழுவதும் இரண்டரை லட்சம் வீடுகளில் இந்த ஃபோம் இருப்பதாக அதே செய்தி சொன்னது. வீட்டை விற்காமல் அதன் பேரில் காசு எடுக்க நினைக்கும் வயதானவர்களுக்கும் இதே தடைதான். இந்தக் கூரையைப் பார்த்தால் ஈக்விட்டி ரிலீஸ் கொடுப்பவர்களும் பின்வாங்குவார்கள்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது இதற்குப் பிறகு நடந்தவற்றில்தான். விற்பனை முறிந்து மூன்றாவது கிழமையில் மாமாவுக்கு ஒரு போன் வந்தது. "உங்கள் வீட்டில் ஸ்ப்ரே ஃபோம் இருக்கிறது என்று எங்கள் பதிவில் உள்ளது. அது ஆபத்து. கூரை இடியலாம். இலவசமாக வந்து பார்க்கிறோம்." வந்தார்கள். மரத்தில் ஈரமானி ஒன்றைக் குத்தி, சிவப்பு லைட் எரிவதை மாமிக்குக் காட்டினார்கள். கழற்ற 14,000 பவுண்ஸ் என்றார்கள். மாமா முகம் மாறியதும் இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 9,000 என்றார்கள். மாமி அழுதுகொண்டே எனக்குப் போன் எடுத்தார். "அந்தப் போனை மேசையில வையுங்கோ மாமி, ஸ்பீக்கரில போடுங்கோ" என்று சொல்லி, அவர்களைப் போகச் சொன்னேன். அடித்தவர்களின் வாடிக்கையாளர் பட்டியல் எப்படியோ கழற்றுபவர்களின் கைக்குப் போய்ச் சேர்கிறது. சில இடங்களில் அடித்த ஆட்களே வேறு கம்பெனிப் பெயரில் கழற்றவும் வருகிறார்கள். இந்த அழைப்புகளைப் பற்றி, வியாபார மோசடிகளைக் கவனிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகள் பல தடவை எச்சரித்திருக்கிறார்கள். தானாகத் தேடி வந்து "உடனே கழற்று" என்பவரிடம் கழற்றக் கொடுக்காதீர்கள். முதல் தடவை வாசலில் வைத்து ஏமாந்தவர்களை இரண்டாவது தடவையும் அதே வாசலில் வைத்து ஏமாற்றுகிறார்கள். வயது போனவர்களின் பயத்தை இப்படிக் காசாக்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் செய்தது வேறு. கழற்றும் தொழிலோடு ஒரு சம்பந்தமும் இல்லாத, ரிக்ஸ் அங்கத்துவம் உள்ள ஒரு சர்வேயரைத் தேடினோம். ரிக்ஸ் என்பது இங்கே சர்வேயர்களின் அரச பட்டயம் பெற்ற அமைப்பு. 2023இல் அவர்கள் வீட்டுக்காரருக்கென்றே ஸ்ப்ரே ஃபோம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ஃபோம் அடித்த கூரையை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்ற முறையை, கட்டிடங்களின் ஈரம், உக்கல் பார்க்கும் தொழிலாளர்களின் சங்கமான ப்ரோபர்ட்டி கேர் அசோசியேஷனும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து அதே வருடத்தில் வகுத்தன. எங்களிடம் வந்தவர் அந்த முறைப்படி ஒரு முழு முற்பகல் இருந்தார். கட்டணம் 600 பவுண்ஸ் சொச்சம். இந்த முழுக் கதையிலும் வீண் போகாத காசு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவர் ஒன்பது இடங்களில் ஃபோமைச் சதுரமாக வெட்டி எடுத்தார். முகட்டுப் பக்கம், நடு, தாழ்வாரம், புகைபோக்கிக்கு அருகில், இரண்டு சாய்விலும். ஒவ்வொரு இடத்திலும் மரத்தில் ஈரமானியின் ஊசிகளை இறக்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்து இலக்கங்களை எழுதிக்கொண்டேன். 17, 18, 18, 19. மரத்தில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் நீடித்து நின்றால்தான் உக்கல் தொடங்கும் ஆபத்து என்று சொல்லிக்கொண்டே வடக்குச் சாய்வின் தாழ்வாரத்துக்குப் போனார். 24. புகைபோக்கிக்கு அருகில் 27. அங்கே ஒரு சலாகையில் ஸ்குரூட்ரைவர் நுனியை அமத்தினார். மற்ற இடங்களில் நுனி இறங்கவேயில்லை. இங்கே கால் அங்குலம் இறங்கியது. அந்த மரத்தின் நிறமும் கறுத்திருந்தது.

குளிர்காலத்தில் எந்த லொஃப்டிலும் 17, 18 சாதாரணம், சிவப்பு லைட் எரிந்தது என்பதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதே நேரம் வடக்குப் பக்கத்தை இப்படியே விட்டால் இன்னும் சில வருடங்களில் மரம் மாற்ற வேண்டி வரும், சான்றிதழில் சொன்ன காற்று இடைவெளியும் இங்கே இல்லை, ஆகவே கழற்றுவதுதான் நல்லது என்று எழுதிக் கொடுத்தார். ஃபோம் ஓப்பன் செல் என்பதாலும், ஃபெல்டின் மேல் அடித்திருப்பதாலும், ஓட்டோடு நேராக ஒட்டவில்லை என்பதாலும் கூரை முழுவதையும் மாற்றத் தேவை வராது என்றும் சொன்னார். க்ளோஸ்ட் செல்லை சிலேட்டின் அடியில் நேராக அடித்த வீடுகளில் அந்த சிலேட்டுகளைத் திரும்பப் பாவிக்கவே முடியாமல் போகும். அந்த வீடுகளில் சில சமயம் கூரையையே கழற்றிப் புதிதாகப் போடுவதுதான் மலிவு. ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில் அதுதான் நடந்தது.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு மூன்று பேரிடம் விலை கேட்டோம். குறைந்ததையும் எடுக்கவில்லை, கூடினதையும் எடுக்கவில்லை. கழிவை எங்கே கொண்டுபோவீர்கள், கழிவு ஏற்றும் பதிவு இருக்கிறதா, ஃபெல்ட் கிழிந்தால் யார் திருத்துவது, வேலை முடிந்ததும் ஒவ்வொரு சலாகைக்கும் படம் தருவீர்களா என்று கேட்டபோது நின்று பதில் சொன்ன ஒருவரை எடுத்தோம். 5,600 பவுண்ஸ். அடித்த காசை விடக் கழற்றிய காசு அதிகம். அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, லொஃப்டில் வௌவால் இருக்கிறதா என்பது. இங்கே வௌவால் தங்கும் இடத்தைக் கலைப்பது சட்டப்படி குற்றம், இருந்தால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். இலவசமாகப் பார்க்க வந்த அந்த ஆட்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

2024 மாசியில் மூன்று நாள் வேலை. லொஃப்ட் கதவிலிருந்து வாசல் வரை படியெல்லாம் பிளாஸ்டிக் விரித்தார்கள். முதலில் நீண்ட வாளால் சலாகைகளுக்கு நடுவில் இருந்ததைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார்கள். அது சுலபமாக வந்தது. கஷ்டம் பிறகுதான். மரத்தின் பக்கங்களில் ஒட்டியிருந்த கடைசி ஒரு அங்குலத்தைச் சுரண்டியும் கம்பித் தூரிகையால் தேய்த்தும் எடுக்க வேண்டும். ஆணித் தலைகள், ஃபெல்டின் மடிப்புகள் என்று ஒவ்வொன்றும் கைவேலை. அதிர்கிற சிறு கருவி ஒன்றைச் சில இடத்தில் பாவித்தார்கள், ஃபெல்டுக்குக் கிட்டக் கையால்தான். தூசி மாவு மாதிரிப் பறந்தது, முகமூடி இல்லாமல் யாரும் மேலே ஏற விடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஃபோமுக்குள் புதைந்து கிடந்த லைட் வயர் ஒன்று வெளிப்பட்டது. வயர் இப்படி மூடுண்டு கிடந்தால் அதன் சூடு வெளியேறாது. உறை கெட்டியாகி, வளைத்ததும் வெடித்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு துண்டையும் மாற்றினோம். தாழ்வாரத்தில் இரண்டு இடத்தில் ஃபெல்ட் ஃபோமோடு சேர்ந்து கிழிந்து வந்தது. அங்கே கீழ் வரிசை ஓடுகளைத் தூக்கி, பிளாஸ்டிக் தட்டுகளைச் செருகிச் சரிசெய்தார்கள். உக்கிய சலாகைக்குப் பக்கத்தில் புது மரத்தைச் சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். மரவேலை வேண்டி வந்தது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

வாசலில் அடுக்கிய சாக்குகளை மாமா எண்ணினார். 83. ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கலாம், அவ்வளவு இலேசு. "இந்தப் பஞ்சுக்கோ இவ்வளவு காசு கட்டினனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு செய்தவை சாதாரணமானவை, மலிவானவையும் கூட. பழைய கம்பளிச் சுருளை அகற்றி, குறுக்கு மரங்களுக்கு நடுவில் 100 மில்லிமீற்றர், அதற்குக் குறுக்கே மேலால் 170, மொத்தம் 270 மில்லிமீற்றர் புதுச் சுருள் விரித்தோம். தாழ்வாரத்தை அது அடைத்துவிடாமல் இடைவெளி விட்டோம். ஃபெல்ட் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் சின்னப் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைச் செருகினால் வாய் திறந்து காற்று வரும். கையளவு சாமான், ஒரு பின்னேரத்தில் நானே இருபதுக்கு மேல் செருகினேன். குளியலறை ஃபேனின் குழாய் இத்தனை வருடமும் லொஃப்டுக்குள்ளேயே திறந்து விடப்பட்டிருந்தது. அதை வெளியே கொண்டுபோனோம். லொஃப்ட் கதவுக்கு ரப்பர் பட்டி ஒட்டினோம். 2020இல் வந்த அந்த இரண்டு பேரும் இதைச் செய்திருந்தாலே மாமாவுக்கு வேண்டிய சூடு கிடைத்திருக்கும். நாலில் ஒரு பங்கு காசும் ஆகியிருக்காது.

காசு விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், பலருக்கும் தெரியாது. மாமா முதலில் கட்டிய அந்த 500 பவுண்ஸ் கிரெடிட் கார்டில் போனதல்லவா? 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்ஸுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றுக்குச் சிறு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும், ஒப்பந்தம் மீறப்பட்டால் முழுத் தொகைக்கும் கார்ட் கம்பெனியும் பொறுப்பு. விற்றவர் கம்பெனியைக் கலைத்துவிட்டு ஓடியிருந்தாலும் அந்தப் பொறுப்பு நிற்கும். ஒப்பந்தம் மீறப்பட்டு ஆறு வருடத்துக்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சர்வேயரின் அறிக்கை, படங்கள், அந்த உத்தரவாதப் பத்திரம் எல்லாவற்றையும் வைத்து எழுதினேன். முதலில் முடியாது என்றார்கள். திரும்ப எழுதினேன். மறுபடியும் மறுத்தால், வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போவோம், அங்கே நமக்குச் செலவில்லை என்பதும் தெரியும் என்று குறிப்பிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு 4,800 பவுண்ஸும் திரும்பி வந்தது. கழற்றிய செலவு வரவில்லை. ஆனாலும் மாமா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

உங்கள் பெற்றோரின் வீட்டில் ஃபோம் இருந்தால், பத்திரங்களை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். காசு எப்படிக் கட்டினார்கள் என்று பாருங்கள். விற்கும் எண்ணம் இப்போது இல்லை என்றாலும் ஒரு தடவை லொஃப்டில் ஏறி, ஒரு மூலையைப் பிய்த்துக் கையில் வைத்துப் பாருங்கள். கழற்ற ஆளைத் தேடுவது கடைசி வேலை.

2024 கோடையில் வீட்டை மறுபடி விற்பனைக்குப் போட்டார்கள். இந்த முறை வந்த சர்வேயர் லொஃப்டுக்குள் ஏறி, முழங்காலில் தவழ்ந்து இரண்டு சாய்வையும் பார்த்துக்கொண்டு இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து அவர் கூப்பிட்டார், இங்கே வந்து ஒன்றைப் பார் என்று. ஏறினேன். முகட்டுக்குக் கிட்ட, ஃபோமைச் சுரண்டி எடுத்த சலாகை ஒன்றில், கட்டிய காலத்துத் தச்சன் தடித்த பென்சிலால் எழுதிய இலக்கங்களை ரோச் வெளிச்சத்தில் காட்டினார். ஒரு நீள அளவும், அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும். தொண்ணூறு வருடமாகியும் அழியாமல் இருந்தது. தாழ்வாரத்தால் வந்த காற்று எங்கள் இரண்டு பேரின் கழுத்திலும் பட்டது.